வாசல்ல வசனம், வீட்டுக்குள்ள?

புது வருஷ ஆராதனையில கிடைச்ச வாக்குத்தத்த அட்டையை ஃபிரிட்ஜ்ல ஒட்டியாச்சா? நல்லது. அதுக்குப் பக்கத்துல இன்னொரு சின்ன அட்டையும் ஒட்டு தங்கச்சி. அதுல வாக்குத்தத்தம் வேண்டாம், ஒரு கட்டளையை எழுது. ஆசீர்வாதம் சொல்ற வசனத்தையெல்லாம் நாம அழகா ஃபிரேம் போட்டு மாட்டிடறோம். வேலை செஞ்சவங்க கூலியைப் பிடிச்சு வைக்கிறவங்களைக் கண்டிக்கிற யாக்கோபு 5:4-ஐ எந்த வீட்டு ஹால்லயாவது பார்த்திருக்கியா? வர்ற விருந்தாளிக்கு அது சங்கடமா இருக்கும்தான். அதனாலதான் சமையலறையில ஒட்டச் சொல்றேன்.

மாசத்துக்கு ஒரு கட்டளை போதும். பத்தையும் ஒரே மூச்சுல பிடிச்சு நடக்கப் பார்த்தா, லெந்து நாள் முடியறதுக்குள்ள பழைய கதைதான்.

முதல் மாசம் வீட்டு வேலைக்கு வர்ற அக்காவோட சம்பள விஷயத்தை எடுத்துக்கோ. சபையில நம்மைப் பார்க்கிறவங்க பட்டுப்புடவையில பார்க்கிறாங்க. நைட்டியில, அவசரத்துல, கோபத்துல பார்க்கிறவங்க அவங்கதான். நம்ம விசுவாசத்துக்கு மார்க் போடணும்னா அவங்க போடறதுதான் சரியான மார்க். உபாகமம் 24-ல ஏழைக் கூலியாளுக்கு அன்னன்னிக்கே, பொழுது சாயறதுக்குள்ள கூலி கொடுக்கணும்னு இருக்கு. நாம மாசச் சம்பளம் பேசியிருக்கோம், அதுவாவது சொன்ன தேதியில போகணும். "சில்லறை இல்லக்கா, நாளைக்கு வாங்கிக்கோங்க"ன்னு சொல்லிட்டு, அடுத்த நிமிஷம் போன்ல பிரியாணி ஆர்டர் பண்றது வேண்டாம். பிள்ளைக்குக் காய்ச்சல்னு ரெண்டு நாள் வரலைன்னா அதைப் பிடிக்காத. மாசம் 3,000 ரூபாய்ல 200-ஐக் கழிச்சுட்டு, ஞாயித்துக்கிழமை அதே 200-ஐக் காணிக்கைப் பையில போட்டா, அது யாரு கொடுத்த காணிக்கை? ஆபீஸ்ல உனக்குக் கேஷுவல் லீவு உண்டுல்ல? அவங்களுக்கும் மாசம் ரெண்டு நாள்னு வேலைக்குச் சேரும்போதே பேசிடு.

அப்படியே அடுக்களையில டம்ளரை ஒரு தடவை எண்ணிப் பாரு. ஜன்னல் ஓரத்துல அந்த அக்காவுக்குன்னு தனியா ஒண்ணு கவிழ்த்து வச்சிருந்தா, அதை இன்னிக்கே மத்த டம்ளரோட சேர்த்துக் கழுவி அலமாரியில வை. திருவிருந்துல முன்ன பின்ன தெரியாதவங்களோட ஒரே பாத்திரத்துல குடிக்கிறோம். திங்கக்கிழமை காபிக்கு மட்டும் ஏன் தனி டம்ளர்?

இது இன்னிக்கு நேத்து வந்த வியாதி இல்ல. அந்தக் காலத்துத் தமிழ் சபைகள்ல ஜாதி பார்த்துத் தனித்தனியா உட்கார்ந்து, தனித்தனியாத்தான் திருவிருந்து வாங்கியிருக்காங்க. 1833-ல கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள்ள ஜாதியே கூடாதுன்னு கண்டிப்பா எழுதி அனுப்பினார். வேப்பேரியிலயும் தஞ்சாவூர்லயும் அதை ஏத்துக்காம நிறைய பேர் சபையை விட்டே வெளியேறினாங்க. கோயிலை விடத் துணிஞ்சாங்க, ஜாதியை விட மனசு வரல. இப்ப யாரும் வெளியேற வேண்டிய அவசியமே இல்லாதபடி, கல்யாண விளம்பரத்துல சி.எஸ்.ஐ.க்குப் பக்கத்துலயே ஜாதியையும் சேர்த்துப் போட்டுக்கிறோம்!

அதனால நம்ம தம்பிக்குப் பொண்ணு பார்க்கும்போதுதான் குடும்ப ஜெபத்துக்கு நிஜமான பரீட்சை. தரகர்கிட்ட பயோடேட்டா கொடுக்கும்போதே ரெண்டு விஷயம் சொல்லிடு: ஜாதி கேட்கல, நகை பேசல. அப்பா சொல்லட்டும்னு காத்திருக்காத, பெரியவங்க அந்தப் பேச்சை எடுக்கவே மாட்டாங்க. "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், உங்க பொண்ணுக்கு நீங்க செய்றதைச் செய்ங்க"ன்னு பெரியம்மா சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க பாரு, வரதட்சணையில அதைவிட விலை கூடின வார்த்தை கிடையாது. எத்தனை பவுன்னு தெரியாம அந்தப் பொண்ணோட அப்பா ராத்திரி தூங்கமாட்டார். 1961-ம் வருஷச் சட்டப்படி வரதட்சணை வாங்கறதும் குத்தம், கொடுக்கறதும் குத்தம். குறைஞ்சது 5 வருஷம் ஜெயில்னு சொல்லுது. யாரும் கேட்காம, மனசாரக் கொடுக்கிற பரிசுன்னா அதுக்குக் கையெழுத்துப் போட்ட பட்டியல் வைக்கணும்னு 1985-ல விதியே வந்திருக்கு. கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கிறதுக்கு முன்னாடியே அந்தப் பட்டியலை எழுத உட்காருங்கன்னு சொல்லு. எழுதி வைக்கக் கூச்சப்படுற பொருள் எதுவோ, அது வேண்டாம்னு விட்டுடலாம்.

நாக்கு விஷயம் சின்னதுதான், ஆனா தினம் நடக்குது. "உங்களுக்காக ஜெபிச்சுக்கிறேன்"னு சொன்னா, அங்கேயே நின்னு ரெண்டு வார்த்தை ஜெபிச்சிடு. வீட்டுக்கு வந்தா மறந்துடும். இன்னொண்ணு, பெண்கள் ஐக்கியத்துல ஜெபக்குறிப்புங்கிற பேர்ல அடுத்த வீட்டுப் பிள்ளையோட கதை முழுசும் வெளியே வரும். ஊர், பேர், காலேஜ் எதுவும் வேண்டாம், ஒரு குடும்பம்னு சொன்னா போதும். ஆண்டவருக்கு அட்ரஸ் தெரியும்.

கடைசியா, மத்தேயு 5:23, 24. காணிக்கையைப் பலிபீடத்துக்கு முன்னாடியே வச்சிட்டு, மனஸ்தாபப்பட்டவங்களைப் போய்ப் பார்த்துச் சமாதானமாகிட்டு வரச் சொல்ற இடம். ஆராதனை நடுவுல எழுந்து போறது நடக்காத காரியம். அதனால திருவிருந்து இருக்கிற வாரம், சனிக்கிழமை சாயங்காலமே பேசிடு. வாட்ஸ்அப்ல பூப்படம் அனுப்பறது கணக்குல சேராது, போன் பண்ணு. "அன்னிக்கு நான் பேசினது தப்பு, மதினி"ன்னு சொல்லு. "ஆனா நீங்களும்..."னு அடுத்த வாக்கியம் நாக்கு நுனிக்கு வரும். அதை முழுங்கிடு.