சங்கம் யாருடையது?

(இளம் அறிவியல், இரண்டாம் ஆண்டு)

விளையாட்டு உடலுக்கு உரமும் உள்ளத்துக்கு ஒழுங்கும் தருவது என்பதை மறுப்பார் இல்லை. ஆனால் ஓர் ஆட்டம் நடைபெற ஆடுபவர் மட்டும் போதுமா? மைதானத்தைச் சீர் செய்பவர், சுண்ணாம்புக் கோடு போடுபவர், பந்துக்கும் பரிசுக் கோப்பைக்கும் கடைகடையாக ஏறி நன்கொடை திரட்டுபவர், சம்பளம் வாங்காமல் நடுவராக நிற்பவர் எனப் பலர் வேண்டும். இவர்கள் எல்லோரும் கூடி அமைப்பதே சங்கம். ஊதியம் கருதாத இத்தகைய சங்கத்தில் முடிவெடுக்கும் உரிமை யாருக்கு? வியர்வை சிந்தும் ஆட்டக்காரருக்கா? அடித்தளத்தில் உழைக்கும் குழுக்களுக்கா? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சங்கத்தின் ஏணி

ஊரில் உள்ள குழுக்கள் சேர்ந்து மாவட்டச் சங்கம். மாவட்டச் சங்கங்கள் சேர்ந்து மாநிலச் சங்கம். மாநிலச் சங்கங்கள் சேர்ந்து தேசிய சம்மேளனம். ஒவ்வொரு படியும் தன் பிரதிநிதியை மேற்படிக்கு அனுப்புகிறது. ஏட்டளவில் இது அழகான மக்களாட்சி. ஆனால் கீழ்ப்படி வலுவாக இல்லையென்றால் மேற்படியில் ஏறியவர் இறங்க மாட்டார். இறக்குவாரும் இரார்.

கபடி தந்த பாடம்

நம் மண்ணின் சடுகுடுவே இன்று கபடி என்னும் பெயரில் உலகெங்கும் ஆடப்படுகிறது. 1972-இல் தோன்றிய இதன் தேசிய அமைப்பின் பெயரிலேயே ‘அமெச்சூர்’ என்னும் சொல் உண்டு. அதன் தலைமைப் பதவி பல்லாண்டுகள் ஒருவரிடமே இருந்தது. பின்னர் அவர் மனைவியிடம் சென்றது. முன்னாள் ஆட்டக்காரர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். 2018 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தத் தேர்வுகளை ரத்து செய்து, நிர்வாகி ஒருவரின் பொறுப்பில் சம்மேளனத்தை விட்டது. ஆடியவர் நீதிமன்றப் படியேறினால்தான் சங்கத்தின் கதவு திறக்கும் என்றால், அடித்தளத்தின் ஆட்சி என்பது அங்கே வெறும் பெயரளவில்தான் இருந்தது எனலாம்.

கால்பந்து வழக்கு

அப்படியானால் ஆட்டக்காரரிடமே வாக்கைக் கொடுத்துவிட்டால் என்ன? இது 2022-இல் கால்பந்தில் முயன்று பார்க்கப்பட்டது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் தலைவர் பிரபுல் படேலின் பதவிக்காலம் 2020 டிசம்பரில் முடிந்தும் தேர்தல் நடக்கவில்லை. 2022 மே 18-இல் உச்ச நீதிமன்றம் மூவர் குழுவை நியமித்தது. 36 மாநிலச் சங்கப் பிரதிநிதிகளுடன் 36 புகழ்பெற்ற முன்னாள் ஆட்டக்காரரும் வாக்களிப்பர் என்ற திட்டம் ஆகஸ்டு மாதம் வந்தது. உலக அமைப்பான ஃபிஃபா, வெளியார் தலையீடு என்று கூறி ஆகஸ்டு நடுவில் இந்தியாவை இடைநீக்கம் செய்தது. அக்டோபரில் இந்தியாவில் நடக்கவிருந்த 17 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பையே கைநழுவும் நிலை! ஆகஸ்டு 22-இல் நீதிமன்றம் தன் ஆணையை மாற்றியது. வாக்கு மாநிலச் சங்கங்களுக்கு மட்டும். செயற்குழுவில் ஆறு முன்னாள் ஆட்டக்காரர்க்கு இடம் என்று முடிவாயிற்று. ஆகஸ்டு 26-இல் தடை நீங்கியது. செப்டம்பர் 2-இல் நடந்த தேர்தலில் கல்யாண் சௌபே 33 வாக்கும், இந்திய அணியின் முன்னாள் தலைவர் பைச்சுங் பூட்டியா ஒரே வாக்கும் பெற்றனர். மைதானத்தில் பெற்ற புகழ் வாக்குப் பெட்டியில் செல்லவில்லை.

இங்கே சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பின்படி உத்தரப் பிரதேச மக்கள்தொகை ஏறத்தாழ 20 கோடி. புதுச்சேரியினுடையது ஏறத்தாழ 12½ லட்சம். ஆயினும் சம்மேளனத்தில் இருவர்க்கும் ஒவ்வொரு வாக்குதான். 36-இல் ஒன்றாக இருந்த நம் பங்கு, முன்னாள் ஆட்டக்காரர் 36 பேர் சேர்ந்தால் 72-இல் ஒன்றாகும். அந்த நட்சத்திரங்களும் பெரும்பாலும் கால்பந்து வேரூன்றிய மாநிலங்களிலிருந்தே வருவர். ஆகவே ‘ஆட்டக்காரர் உரிமை’ என்னும் நல்ல சொல்லே சிறிய ஊரின் குரலைப் பாதியாக்கவும் கூடும். மேலும், அந்த 36 பேரும் ஓய்வு பெற்றவர்கள். இன்று ஆடும் சிறுவனுக்கோ சிறுமிக்கோ அந்த வாக்கில் பங்கு ஏது?

அயர்லாந்தின் அனுபவம்

1884-இல் தோன்றிய அயர்லாந்தின் கேலிக் தடகளச் சங்கத்தில், மாவட்ட அணிக்கு ஆடும் பெருவீரருக்கும் சம்பளம் கிடையாது. அவர் தம் ஊர்க் குழுவுக்கும் ஆடியாக வேண்டும். அந்நாட்டின் கார்க் மாவட்டத்தில் 2002 முதல் 2009-க்குள் மூன்று முறை ஆட்டக்காரர்கள் ஆட மறுத்துப் போராடினர். தேர்வாளர்களை அமர்த்துவது பயிற்சியாளரா, மாவட்டக் கழகமா என்பதே 2007–08 போராட்டத்தின் கேள்வி. பயிற்சியாளர் விலகியதும் 2009 மார்ச்சில் கடைசிப் போராட்டம் ஓய்ந்தது. சண்டை கடுமையானதுதான். ஆனால் அங்கே போராடிய வீரரும் ஏதோ ஓர் ஊர்க் குழுவின் உறுப்பினரே. எதிர்த்தவரும் அத்தகைய குழுவினரே. எனவே சண்டையை அவரவர் ஊரிலேயே பேச முடிந்தது.

நமது நிலை

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்பதால் எங்கள் தெருக் கபடிக் குழுவின் பதிவுப் படிவத்தை நிரப்பும் வேலை என்னிடம் வந்தது. அதில் செயலாளர் கையொப்பத்துக்கு இடம் உண்டு. ஆடும் பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, உயரம், எடை ஆகியவற்றுக்கும் இடம் உண்டு. செயலாளரைத் தேர்ந்தெடுத்தது யார் என்ற கேள்வி மட்டும் அதில் இல்லை. பிள்ளைகளும் கேட்கவில்லை. கேட்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதும் இல்லை.

நம் யூனியன் பிரதேசத்தின் அமைப்பும் எண்ணத்தக்கது. காரைக்கால் தெற்கே, மாஹே கேரளக் கரையில், ஏனாம் ஆந்திரத்தில். கூட்டம் புதுச்சேரி நகரில் கூடினால் ஏனாமிலுள்ள குழுவின் குரல் எப்படி வந்து சேரும்?

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டத்தை நிறைவேற்றியது. தேசிய அமைப்புகளின் செயற்குழுவில் சிறந்த ஆட்டக்காரர் இருவரும் பெண்கள் நால்வரும் குறைந்தது இடம்பெற வேண்டும் என்பது அதன் விதி. வழக்குகளுக்குத் தனித் தீர்ப்பாயமும் உண்டு. வரவேற்கத்தக்க சட்டம். ஆயினும் அது மேற்படியைச் செப்பனிடுகிறது. கீழ்ப்படியைச் செப்பனிட வேண்டியவர் நாமே.

அதற்கு வழி மூன்று. ஒன்று, குழுவில் பதிவு பெற்ற 18 வயது நிரம்பிய ஒவ்வோர் ஆட்டக்காரரும் செயலாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குரிமை பெற வேண்டும். இரண்டு, ஆண்டுக்கு ஒருமுறை வரவு செலவை மைதானத்தில் எல்லோர் முன்னும் படித்துக் காட்ட வேண்டும். மூன்று, புகார் சொல்லும் ஆட்டக்காரரை, நிர்வாகத்தில் இல்லாத ஒருவர் விசாரிக்க வேண்டும்.

ஆட்டக்காரரா, அடித்தளமா என்று பிரித்துக் கேட்பதே பொருத்தமற்றது. ஆட்டக்காரர் இல்லாத அடித்தளம் வெறும் நாற்காலி; அடித்தளம் இல்லாத ஆட்டக்காரர் வெறும் புகழ். ஆட்டக்காரரின் முதல் வாக்கு டெல்லியில் அன்று, தம் தெருக் குழுவில்தான் பதிவாக வேண்டும். மாணவ நண்பர்களே! அடுத்த முறை உங்கள் குழு கூடும்போது, செயலாளர் யார் என்று மட்டும் கேட்காதீர்கள். அவரை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்றும் கேளுங்கள்.