பழைய அம்பாசிடருக்குப் புது டயர்: வாங்கும் முன் கணக்குப் போடுங்க!

உங்கள் வீட்டு வாசலில் அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய அம்பாசிடர் நிற்கிறதா? 2014-ல் உற்பத்தி நின்றுபோன பிறகும் அந்தக் காரை விட மனசில்லாமல், முன்பக்கம் டிஸ்க் பிரேக், அலாய் வீல், அகல டயர் என்று மாற்றி ஓட்டுகிறவர்கள் நிறைய பேர். பெயின்டும் சீட்டும் அவரவர் ஆசை. டயர் அப்படியல்ல. பிரேக், ஸ்டீயரிங், ஸ்பீடோமீட்டர், ஆர்.சி. புதுப்பிப்பு என எல்லாமே அதோடு சேர்ந்தது. கடையில் இருப்பதை "மாட்டிப் பார்க்கலாம்" என்று வாங்கிவிடாமல், உங்கள் கைப்பேசியிலேயே பத்து நிமிடம் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

டயரில் எழுதியிருப்பது என்ன?

அம்பாசிடரோடு வந்த டயரில் 5.90-15 என்று இருக்கும். டயரின் அகலம் 5.90 அங்குலம், ரிம்மின் விட்டம் 15 அங்குலம் என்பது அதன் பொருள். இது பழைய கிராஸ்பிளை வகை. பக்கச்சுவரின் உயரம் இதில் எழுதியிருக்காது. அகலத்தில் ஏறக்குறைய 95 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது கிடைக்கும் ரேடியல் டயரில் 195/65 R15 91H என்பதுபோல் இருக்கும். 195 என்பது மில்லிமீட்டரில் அகலம். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம். R என்றால் ரேடியல், 15 என்றால் ரிம் அங்குலம். 91 என்பது எடைக் குறியீடு. ஒரு டயர் 615 கிலோ தாங்கும். H என்பது வேகக் குறியீடு. மணிக்கு 210 கி.மீ. வரை.

கணக்கு இதுதான்

முதலில் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை வெளியே எடுங்கள். அதில் பழைய அளவு டயர் இருந்தால் சரியான காற்று அடித்து, வெளிவட்டத்தைச் சுற்றி டேப் பிடித்து அளந்து, வந்த எண்ணை 3.14-ஆல் வகுங்கள். காரின் எடை ஏறாத, அதிகம் தேயாத டயர் என்பதால் இது நம்பகமான அளவு. 5.90-15 டயருக்குச் சுமார் 665 மி.மீ. வரும்.

புது டயருக்கு: அகலம் × சதவீதம் ÷ 100 × 2. அதோடு ரிம் அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 15 அங்குல ரிம் என்றால் 381.

- 175/80 R15: 280 + 381 = 661 மி.மீ. வித்தியாசம் 1 சதவீதம்கூட இல்லை.
- 195/65 R15: 253.5 + 381 = 634.5 மி.மீ. ஏறக்குறைய 4.6 சதவீதம் சின்னது.
- 205/70 R15: 287 + 381 = 668 மி.மீ. விட்டம் பொருந்துகிறது; ஆனால் அகலம் அதிகம்.
- 235/75 R15: 352.5 + 381 = 733.5 மி.மீ. 10 சதவீதம் பெரியது.

வித்தியாசம் 3 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. டயர் சின்னதானால் வண்டி தாழும். அதே வேகத்துக்கு இன்ஜின் கூடுதலாகச் சுற்றும். பெரிதானால் ஆபத்து இன்னும் அதிகம். கடைசி டயரை மாட்டினால், முள் 60 காட்டும்போது நீங்கள் உண்மையில் 66-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். உங்களுக்கே தெரியாது!

விட்டம் சரி என்றால் போதுமா? போதாது

ரிம் அகலம்: 195/65 டயருக்குக் குறைந்தது 5.5 அங்குல அகல ரிம் வேண்டும். 175/80 டயருக்கு 4.5 அங்குலம் போதும். பழைய அம்பாசிடர் ரிம் குறுகலானது. குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால், வளைவில் டயர் ஆடும். நடுப்பகுதி மட்டும் சீக்கிரம் தேயும்.

உரசல்: ஒரு டயரை மட்டும் முன்பக்கம் மாட்டி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்துப் பாருங்கள். பின் சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து, பின் மட்கார்டில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். டிஸ்க் பிரேக் போட்டிருந்தால், ரிம்மின் உட்பக்கம் காலிப்பரில் இடிக்கக் கூடாது.

டியூப்: பழைய ரிம்கள் டியூப் போட்டு ஓட்டுவதற்காகச் செய்யப்பட்டவை. அதில் ரேடியல் மாட்டினால், ரேடியலுக்கு உரிய டியூப் கேட்டு வாங்குங்கள். "டியூப் வேண்டாம் சார், அப்படியே ஓட்டலாம்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீங்க.

கலப்பு வேண்டாம்: கிராஸ்பிளையும் ரேடியலும் பிரேக் அடிக்கும்போது வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும். "இப்போதைக்கு முன்னாடி ரெண்டு மட்டும் ரேடியல் போடுவோம்" என்பது மழை நாளில் வண்டியைப் பின்பக்கம் இழுத்துவிடும். ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்தையும் ஒரே வகையாக மாற்றுங்கள்.

தேதி: பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 1225 என்றால் 2025-ஆம் ஆண்டின் 12-ஆவது வாரம் தயாரானது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும். அரிதான அளவுகளில் பல வருடம் கிடந்த சரக்கு வர வாய்ப்புண்டு. கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு பில் போடச் சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-ஆவது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும் அளவுக்கு வண்டியை மாற்றக் கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. சொந்த உபயோகக் காருக்கு 15 வருடம் முடிந்ததும் படிவம் 25-ல் விண்ணப்பித்து, ஆய்வுக்குக் காட்டி, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மட்கார்டுக்கு வெளியே துருத்தும் டயரோடு போய் நின்றால், திரும்பி வர வேண்டியதுதான்.

உங்கள் கார் முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியதா? 2021-ல் வந்த விதிகளின்படி அதை 'விண்டேஜ்' வாகனமாகப் பதியலாம். பதிவு எண்ணில் VA என்ற எழுத்துகள் வரும். பதிவு 10 வருடம் செல்லும். அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே. முக்கிய நிபந்தனை: சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. பெரிய டயர் நுழையவேண்டும் என்று மட்கார்டை வெட்டுகிறவர்கள் இங்கேதான் யோசிக்கணும். டயரை நாளைக்கே கழற்றிவிடலாம். வெட்டிய தகரம் திரும்பாது. அந்தத் தகுதியும் கைநழுவலாம்.

கடைக்குப் போகும் முன்

1. எம்பரிவாகன் செயலியில் ஆர்.சி. எது வரை செல்லும், காப்பீடு எப்போது முடிகிறது என்று பாருங்கள்.
2. பழைய டயரின் பக்கச்சுவர், ரிம், ஸ்டெப்னி அளவு மூன்றையும் படம் எடுங்கள்.
3. விட்டத்தைக் கணக்கிட்டு, எந்த அளவு வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.
4. அலாய் வீல் போடுவதாக இருந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். சொல்லாத மாற்றம் இழப்பீட்டில் சிக்கல் தரும்.
5. ரிம் அளவையோ பாடியையோ மாற்ற நினைத்தால், வேலையைத் தொடங்கும் முன் உங்கள் பகுதி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்துமூலம் கேளுங்கள்.
6. மாட்டிய பிறகு வீல் அலைன்மென்ட், பேலன்சிங் இரண்டும் செய்யுங்கள். கைப்பேசியின் ஜி.பி.எஸ். வேகத்தை ஸ்பீடோமீட்டரோடு ஒப்பிடுங்கள். அதைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும், நீங்கள் ரோட்டைப் பாருங்கள்.

அம்பாசிடருக்கு அழகே அந்த உயர்ந்த நிமிர்ந்த நிற்கைதான். அதைக் கெடுக்காத டயர்தான், பெரும்பாலும், பாதுகாப்பான டயரும்கூட.