கொழுப்பு விடுக்கும் ஓலை

கொழுப்பு என்றதும் பருத்த உடலையே நினைக்கின்றோம். அதற்கு ஓலை விடுக்கும் தொழிலும் உண்டு. காலில் முள் தைத்தவுடன், அங்குள்ள உயிரணுக்களின் சவ்விலிருந்து அராக்கிடோனிக் அமிலம் என்னும் கொழுப்பமிலம் பிரிகின்றது. அதிலிருந்து பிறக்கும் லியூக்கோட்ரையீன், குருதியிலுள்ள வெள்ளணுக்களைக் கூவி அழைக்கும். புராஸ்டகிளாண்டின் குருதிக் குழாயை விரித்து, வீக்கமும் நோவும் விளைக்கும். ஆஸ்பிரின் இப்புராஸ்டகிளாண்டின் உண்டாவதைத் தடுத்தே நோவைத் தணிக்கின்றது என்பதை ஜான் வேன் என்னும் ஆங்கில அறிஞர் 1971இல் விளக்கினார்.

படையைத் திரட்டுவது எளிது, கலைப்பதன்றோ அரிது! வந்த வெள்ளணுக்கள் நெடிது தங்கின் நம் உடலையே அரிக்கும். ஆதலின், அதே அமிலத்திலிருந்து பின்னர் லிப்பாக்சின் தோன்றுகின்றது. 1984இல் சாமுவேல்சன், செர்கான் முதலியோர் இதனைக் கண்டறிந்தனர். இது புதிய வெள்ளணுக்களின் வரவைத் தடுக்கும்; மடிந்தவற்றை விழுங்கி அகற்றுமாறு பெருவிழுங்கணுக்களை ஏவும். வியப்பு யாதெனில், வீக்கத்தை விளைத்த புராஸ்டகிளாண்டினே லிப்பாக்சினை ஆக்கும் நொதியையும் தூண்டிவிடுகின்றது.