கரகர சத்தம் எப்போது வருகிறது?

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரும் சாலை பார்வைக்குச் சமமாகத்தான் தெரியும். ஆனால் ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கிருஷ்ணகிரி 500 மீட்டர் அளவில். சூளகிரியைத் தாண்டி வருவதற்குள் நாம் பாதி மலை இறங்கியிருப்போம். இறக்கம் போதாதென்று சிப்காட்டில் ஷிஃப்ட் விடும் நேரத்து நெரிசலும், கிரானைட் ஏற்றிவரும் லாரிகளும் வேறு. பிரேக்குக்கு ஓய்வே இல்லாத சாலை இது.

பல வருடங்களாக இங்கே சின்னக் கார் ஓட்டுவதில் எனக்குப் பிடிபட்ட விஷயம் ஒன்றுதான். பிரேக் பக்கம் கரகரவென்று கேட்டால், சத்தம் எவ்வளவு பெரிது என்பதைவிட எப்போது வருகிறது என்று பாருங்கள். பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும்.

காலையில் முதல் சில மிதிகளுக்கு மட்டும் வந்தால்: இரவு மழையிலோ பனியிலோ நின்ற வண்டியின் பிரேக் டிஸ்க்கில் மெல்லிய துரு படிந்திருக்கும். தேய்ந்ததும் போய்விடும். கவலை வேண்டாம்.

பிரேக்கைத் தொடாமலே வந்தால்: குவாரிப் பக்கம் போய்வந்த வண்டிகளுக்கு இது அடிக்கடி நேரும். டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் மெல்லிய தகட்டுக்கும் நடுவே ஜல்லித் துணுக்கு மாட்டிக்கொள்ளும். ஆளில்லாத இடத்தில் கொஞ்ச தூரம் ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். பல நேரம் கல் தானாக விழுந்துவிடும். விழாவிட்டால் சக்கரத்தைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். தகடு வளைந்து உரசினாலும் இதே சத்தம்தான்.

பிரேக் மிதிக்கும்போது கீச்சென்று வந்தால்: டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட் புதிதாக இருக்கும்போது அதில் உராயும் பகுதி சுமார் 10 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அது தேய்ந்து 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றும் நேரம். பல பேடுகளில் அந்த அளவில் டிஸ்க்கை உரசுமாறு ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்கள். அந்தக் கீச்சு, முன்கூட்டியே வரும் எச்சரிக்கை. அதையும் விட்டால் கரகரப்பு வரும். மிதியில் அதிர்வும் தெரியும். பேடின் இரும்புத் தட்டே டிஸ்க்கை அறுக்கிறது என்று அர்த்தம். பேடோடு போக வேண்டிய செலவு டிஸ்க்கையும் சேர்த்து இழுத்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சக்கர இடுக்கு வழியாகப் பார்த்து 'பேட் நல்லா இருக்கு' என்று முடிவு செய்யாதீர்கள். கண்ணுக்குத் தெரிவது வெளிப்பக்க பேட் மட்டும். பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பர் நகர உதவும் ஆணி ('பின்') இறுகிவிட்டால் உள்பக்க பேட் மட்டும் தேய்ந்து தீர்ந்திருக்கும். ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரத்தில் மட்டும் கருகல் வாடையும் அனலும் அடித்தால் இதைச் சந்தேகப்படலாம். கையை அருகில் கொண்டுபோனாலே போதும், தொட வேண்டாம். தண்ணீரும் ஊற்ற வேண்டாம்.

வேகத்தோடு ஏறி, வளைவில் மாறினால்: பிரேக் மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி 'ஊம்' என்று கேட்கிறதா? அது பெரும்பாலும் வீல் பேரிங். பேட் மாற்றினால் தீராது.

திடீர் பிரேக்கில் மட்டும் கால் துடித்து 'கர்ர்' என்றால்: ஏபிஎஸ் வேலை செய்கிறது. பயந்து காலை எடுத்துவிடாதீர்கள்.

எந்தப் பக்கம் என்று தெரியவில்லையா? ஏசியையும் பாட்டையும் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, போக்குவரத்து இல்லாத நேரத்தில் நீளமான கம்பெனி காம்பவுண்டுச் சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டுங்கள். சுவர்ப் பக்கத்துச் சத்தம் எதிரொலித்துத் தெளிவாகக் கேட்கும். அப்படிப்பட்ட சுவருக்கு ஓசூரில் பஞ்சமில்லை.

மெக்கானிக்கிடம் போனதும் 'பிரேக் சத்தம் போடுது' என்று நிறுத்தாமல், எந்தப் பக்கம், என்ன வேகம், மிதித்தாலா மிதிக்காமலா, ஆரம்பத்திலா சூடான பிறகா என்று சொல்லுங்கள். முடிந்தால் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள். பேட் மாற்றினால் அந்த அச்சில் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றச் சொல்லி, பழைய பேடைக் கையில் வாங்கிப் பாருங்கள். உள்ளும் வெளியும் ஒரே அளவில் தேயாமல் இருந்தால், கேலிப்பரைக் கவனிக்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

பிரேக் ஆயில் அளவு இறங்கியிருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடாதீர்கள். பேட் தேயத் தேய ஆயில் இறங்கும். கசிவு இருந்தாலும் இறங்கும். எது காரணம் என்று பார்த்த பிறகே நிரப்ப வேண்டும்.

சேலம் போகிறவர்களுக்குத் தருமபுரி தாண்டியதும் தொப்பூர் கணவாய் இறக்கம் காத்திருக்கிறது. நல்ல பிரேக் உள்ள வண்டியே அங்கே கியரைக் குறைத்துத்தான் இறங்க வேண்டும். இரும்பும் இரும்பும் உரசும் சத்தத்தோடு கிருஷ்ணகிரிக்கு வந்து சேர்ந்திருந்தால், பயணத்தை அங்கேயே நிறுத்திப் பழுது பாருங்கள். சேலத்துக்கு மறுநாள் போய்க்கொள்ளலாம்.