பவர் ஆஃப் அட்டர்னி

எங்கள் மையத்தில் படிக்கும் அக்கா ஒருவர் ஒரு தாளைக் காட்டினார். "மனை வாங்கினோம், தம்பி. இதுதான் பத்திரம்" என்றார். தலைப்பைப் படிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டிப் படித்தார்: "பவர் ஆஃப் அட்டர்னி."

பொருள்
பவர் என்றால் அதிகாரம். அட்டர்னி என்றால் நமக்காக, நம் பெயரில் வேலை செய்பவர். ஆஃப் என்பது இரண்டையும் இணைக்கும் சொல். நம் வேலையைச் செய்ய வேறொருவருக்கு நாம் கொடுக்கும் அதிகாரம் இது. ஊரில் 'பவர் பத்திரம்' என்பார்கள்.

உச்சரிப்பு
ஆங்கிலத்தில் அட்டர்னி என்று எழுதும்போது நடுவில் 'ஓ' எழுத்து வரும். ஆனாலும் 'அட்டோர்னி' என்று சொல்லக் கூடாது.

பன்மை
தமிழில் 'கள்' கடைசியில் சேரும்: பத்திரங்கள். இங்கே 'ஸ்' முதல் சொல்லில் சேரும்: பவர்ஸ் ஆஃப் அட்டர்னி. 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரும் இப்படித்தான்.

கவனியுங்கள்
இந்தப் பெயரில் 'கிரயம்' என்ற சொல் இருக்கிறதா? இல்லை. பவர் பத்திரம் மட்டும் இருந்தால் மனை நமக்குச் சொந்தமாகாது. 2011-இல் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. பதிவு செய்த கிரயப் பத்திரம் வேண்டும்.

அக்கா இப்போது மனை விற்றவரிடம் கிரயம் கேட்டு வருகிறார். நீங்களும் பணம் கொடுக்கும் முன் தலைப்பைப் படியுங்கள்.

எழுதிப் பழகுங்கள்: அதிகாரம், கிரயம், பதிவு.