முட்டிக்கு எது காவல்?

கேள்வி: காட்டுப் பாதையில் பைக் ஓட்ட நீ-கார்டு போதுமா, விலை கூடின பிரேஸ் வேண்டுமா?

பதில்: கார்டு அடியை வாங்கிக்கொள்ளும். ‘இஎன் 1621-1’ முத்திரையில் லெவல் 2 என்றிருந்தால் நல்லது. ஆனால், சேற்றில் ஊன்றிய கால் அப்படியே நிற்க, பைக்கோடு உடம்பு திரும்புமே, அந்த முறுக்கலுக்குக் கார்டால் பயனில்லை. அதையும், முட்டி எதிர்ப்பக்கம் மடங்குவதையும் மட்டுப்படுத்துவது இருபக்கமும் கீல் வைத்த பிரேஸ்தான். ‘ஜவ்வு கிழியவே கிழியாது’ என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்.

தொடை, கெண்டைக்கால் சுற்றளவை டேப் வைத்து எடுங்கள். கீல் முட்டியின் நடுவுக்கு நேராக நிற்க வேண்டும். நழுவினால் காசு தண்டம். உங்கள் பூட்ஸோடு போட்டு, பைக்கில் எழுந்து நின்று பாருங்கள். பூட்ஸின் வாயில் இடித்தால் வேறு மாடல் கேளுங்கள். ஏற்கெனவே அடிபட்ட முட்டி என்றால் முதலில் எலும்பு மருத்துவர், பிறகு கடை.