அரே பயமா? முட்டை ட்ரே போதும்!

மகள் கல்லூரியில் ஜாவா படிக்க ஆரம்பித்ததிலிருந்து, எங்கள் பாலக்கோடு வீட்டில் ராகிக் களி கிண்டும்போதுகூட அரே (ஒரே வகை மதிப்புகளை வரிசையாக வைக்கும் ‘அணி’) பேச்சுதான். எந்தக் காலத்திலோ படித்ததைத் தூசி தட்டிக்கொண்டு நானும் அவளோடு உட்கார்ந்தேன். எங்களுக்குக் கை கொடுத்த சின்னச் சின்ன உபாயங்கள் இவை. உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை முழித்துக்கொண்டிருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. லேப்டாப் ஒன்று, ஆள் இரண்டு என்றால் சண்டை வேண்டாம். கட்டம் போட்ட பழைய கணக்கு நோட்டில் கட்டத்துக்கு ஒரு மதிப்பை எழுதி, லூப் எந்தச் சுற்றில் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று ஒரு புளியங்கொட்டையை நகர்த்திப் பாருங்கள். கரண்ட் இல்லாத நேரமும் வீணாகாது.

2. ‘முதல் பொருளுக்கு ஏன் 0?’ என்று பிள்ளை கேட்டால் பஸ்ஸைக் காட்டுங்கள். தருமபுரியில் ஏறி பென்னாகரம் போகிறோம். ஏறிய இடம் 0 ஸ்டாப் தள்ளி, அடுத்தது 1 ஸ்டாப் தள்ளி. இண்டெக்ஸ் என்பது தொடக்கத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்ற கணக்குதான். 0-வில் தொடங்குவதே நல்லது என்று டைக்ஸ்ட்ரா என்ற கணினி அறிஞர் 1982-இல் தனிக் குறிப்பே எழுதியிருக்கிறார்.

3. 30 இடம் உள்ள அரேயில் கடைசி எண் 29. லூப்பில் ‘சிறியது’ என்ற குறி போதும், ‘சிறியது அல்லது சமம்’ போட்டால் இல்லாத 31-வது இடத்தைத் தேடி ஜாவா நின்றுவிடும். சிவப்பில் வரும் பிழைச் செய்தியைப் பார்த்துப் பதறாமல் படியுங்கள், எந்த எண்ணைக் கேட்டோம், எந்த வரியில் கேட்டோம் என்று அதிலேயே இருக்கும்.

4. இது முக்கியம், கொஞ்சம் நின்று படியுங்கள். தருமபுரி பட்டுக்கூடு ஏலத்தை வைத்து மகள் ஒரு புரோகிராம் எழுதினாள்: விவசாயி பெயருக்கு ஒரு அரே, எடைக்கு ஒன்று, கிலோ விலைக்கு ஒன்று. விலையை மட்டும் வரிசைப்படுத்தியதும் ஒருத்தர் கூட்டுக்கு இன்னொருத்தர் விலை விழுந்து, கணக்கே கந்தலாகிவிட்டது. பெயர், எடை, விலை மூன்றையும் ‘லாட்’ என்று ஒரே கிளாஸில் மூட்டை கட்டி, லாட்டுகளுக்கு ஒரே அரே வைத்தோம். இப்போது எப்படி வரிசை மாற்றினாலும் அவரவர் சரக்கு அவரவரோடு போகிறது. கிளாஸ், ஆப்ஜெக்ட் எல்லாம் எதற்கு என்று எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது.

5. ஐந்து லாட்டுக்கு அரே உருவாக்கிவிட்டால் ஐந்து லாட் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மண்டியிலிருந்து காலி தக்காளி கிரேடு வாங்கி வந்த கதைதான் அது. இடம் இருக்கிறது, பழம் இல்லை. ஒவ்வொரு இடத்திலும் ‘நல்’ உட்கார்ந்திருக்கும், எடையைக் கேட்டால் ‘நல் பாயிண்டர்’ என்று எகிறும். கிரேடுக்கு ஒரு ‘நியூ’, உள்ளே போகும் ஒவ்வொரு பழத்துக்கும் தனித்தனி ‘நியூ’. இந்த ஒரு வரியைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று.

6. அந்தப் பழத்துக்கான ‘நியூ’ லூப்புக்குள்ளேயே இருக்கட்டும். வெளியே ஒரே ஒரு லாட் செய்து, அதையே மாற்றி மாற்றி எல்லா இடத்திலும் போட்டால் கடைசி விவசாயி பெயரே ஐந்து தடவையும் அச்சாகும்.

7. பதினொன்றாம் வகுப்பில் சி++ படிக்கும் பிள்ளைகளுக்கு: அங்கே கதை வேறு. ஆப்ஜெக்டுகளின் அணியை அறிவித்ததுமே அத்தனை ஆப்ஜெக்டும் உருவாகிவிடும், அதனால் அளபுரு (பாராமீட்டர்) இல்லாத ஆக்கி (கன்ஸ்ட்ரக்டர்) ஒன்று கிளாஸில் இருக்கட்டும். எல்லை தாண்டினாலும் சி++ தானாகச் சொல்லாது, பக்கத்து வீட்டுப் பரணில் கை விட்டுக் கிடைத்ததை எடுத்து வந்துவிடும்.

8. ஒரு அரேயை இன்னொரு பெயருக்குச் சமம் என்று எழுதினால் நகல் வராது. வீட்டுச் சாவிக்கு டூப்ளிகேட் போட்ட மாதிரிதான். சாவி இரண்டு, வீடு ஒன்று. தனி நகல் வேண்டுமென்றால் ‘குளோன்’ செய்யுங்கள். ஆனால் ஆப்ஜெக்ட் அரே என்றால் அதுவும் சாவிக்கொத்தைத்தான் நகல் எடுக்கும், வீடுகளை அல்ல.

9. அரேயை நேராக அச்சடித்தால் அடைப்புக்குறியும் @ குறியுமாக ஏதோ வரும். வைரஸ் இல்லை, பயப்படாதீர்கள்; ‘அரேஸ் டாட் டூஸ்ட்ரிங்’ போட்டால் மதிப்புகள் வரிசையாக விழும். ஆப்ஜெக்ட் அரே என்றால் உங்கள் கிளாஸுக்குள்ளும் ஒரு ‘டூஸ்ட்ரிங்’ எழுதிவையுங்கள்.

10. அரேவுக்கு ‘லெங்த்’, அடைப்புக்குறி கிடையாது. ஸ்ட்ரிங்குக்கு ‘லெங்த்’ அடைப்புக்குறியோடு. அரேலிஸ்டுக்கு ‘சைஸ்’. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியாயிற்று.

11. கிளாஸுக்குள் இருக்கும் அரேயை ‘பிரைவேட்’ ஆக்குங்கள். ஊறுகாய் ஜாடியில் ஆளாளுக்குக் கை விட்டால் பூஞ்சைதான் பிடிக்கும். சேர்க்க ஒன்று, எடுக்க ஒன்று என்று இரண்டு மெத்தட் கரண்டி போதும். இதுவரை எத்தனை இடம் நிரம்பியது என்ற எண்ணிக்கையும் அதே கிளாஸில் இருக்கட்டும்.

12. எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாத விருந்துக்கு அரேலிஸ்ட்; 1998-இல் வந்த ஜாவா 1.2-இலிருந்தே இருக்கிறது. இடம் போதாவிட்டால் உள்ளுக்குள் பெரிய அரே ஒன்றை எடுத்து எல்லாவற்றையும் அங்கே மாற்றிக்கொள்ளும். 300 வரும் என்று முன்பே தெரிந்தால் உருவாக்கும்போதே சொல்லிவிடுங்கள், வீடு மாற்றும் வேலை மிச்சம்.

13. அரேலிஸ்டில் லூப் போட்டு நீக்கும்போது கடைசியிலிருந்து முன்னால் வாருங்கள். முன்னாலிருந்து நீக்கினால் பின்னால் நிற்பவர்கள் ரேஷன் கியூ மாதிரி ஓரடி நகர்ந்துவிட, ஒருத்தர் கண்ணில் படாமலே தப்பிவிடுவார்.

14. டியூஷனுக்குப் பணம் கட்டுவதற்கு முன், தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பதினொன்றாம் வகுப்பு கணினி அறிவியல் புத்தகத்தை இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள், தமிழிலேயே இருக்கிறது. ஐ.ஐ.டி. மும்பையின் ஸ்போக்கன் டுடோரியலிலும் ஜாவா பாடங்கள் காசில்லாமல் கிடைக்கும். எல்லாம் சின்னச் சின்ன வீடியோ, ஹாஸ்டலுக்குப் போகும் பஸ்ஸிலேயே ஒன்றிரண்டு முடிந்துவிடும்.

15. அரேவுக்குள் அரே வந்ததும் பிள்ளைகள் மிரளுவார்கள். 30 முட்டை ட்ரேயை எடுத்து முன்னால் வையுங்கள்: 5 வரிசை, வரிசைக்கு 6 குழி. ‘மூணாவது வரிசை, ரெண்டாவது குழி எடும்மா’ என்றால் அவள் மனசுக்குள் 2, 1 என்று சொல்லிக்கொண்டே எடுக்க வேண்டும். முட்டை தீர்ந்ததும் ட்ரேயைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள், அடுத்த செமஸ்டருக்கும் வேண்டியிருக்கும்.